பகைவன் இல்லாத கதை: ‘காதலிக்க நேரமில்லை’யும் காதல் நகைச்சுவைப் படத்தின் இயல்பும்

(பருத்திப்பட்டில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

தமிழ்த் திரைப்படங்களைப் பற்றிய ஆய்வுகளில் புராணப் படங்களும், சீர்திருத்தக் கருத்தைச் சொன்ன சமூகப் படங்களும், கண்ணீரை வரவழைத்த குடும்பப் படங்களும் பெற்ற இடத்தை, மூன்று மணி நேரம் சிரிக்க வைத்து அனுப்பிய படங்கள் பெறவில்லை. சிரிப்புப் படம் பொழுதுபோக்கு, அழுகைப் படம் கலை என்னும் எண்ணம் ஆழமாக வேரூன்றிவிட்டது. இந்த எண்ணம் தவறானது என்பதையும், இலேசாகத் தோன்றும் காதல் நகைச்சுவைப் படம் உண்மையில் கடுமையான கலை ஒழுங்கைக் கோருவது என்பதையும், 1964ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தமிழ்ப் படத்தைக் கொண்டும் அதற்கு ஒப்புநோக்காகப் பிரெஞ்சு நாடகங்கள், படங்கள் சிலவற்றைக் கொண்டும் விளக்குவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

காதல் நகைச்சுவை என்பது, காதலர் ஒன்றுசேர்வதற்கு ஓர் இடையூறு நேர்ந்து, அவ்விடையூறு வலிமையாலோ தண்டனையாலோ அன்றி, சூழ்ச்சியாலும் தற்செயலாலும் மனமாற்றத்தாலும் நீங்கி, திருமணத்தில் முடியும் கதையைக் குறிக்கும். இவ்வரையறையில் ஒரு சொல் கூட வில்லனைப் பற்றிப் பேசவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கதையில் தடை இருக்க வேண்டும், ஆனால் தடையாக நிற்பவர் வெறுக்கத்தக்கவராக இருக்கக் கூடாது. அவர் தோற்றால் பார்ப்பவர் மகிழ வேண்டும், ஆனால் அவர் அவமானப்பட்டால் பார்ப்பவர் வருந்தவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் பொருத்துவது எளிதன்று. இவ்வகைப் படத்தின் கவர்ச்சி முழுவதும் இந்தப் பொருத்தத்தில்தான் அடங்கியிருக்கிறது.

சித்ராலயா நிறுவனத்தின் சார்பில் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ 1964 பிப்ரவரி 27 அன்று வெளியானது. ஸ்ரீதருக்கு அதுவரை கிடைத்திருந்த பெயர் பெரும்பாலும் சோகப் படங்களால் கிடைத்தது. 1959இல் அவர் முதன்முதலாக இயக்கிய ‘கல்யாணப் பரிசு’ பிரிவில் முடியும் கதை. 1962இல் வந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ ஒரு மருத்துவமனைக்குள் நிகழும் தியாகக் கதை. ஆயினும் ‘கல்யாணப் பரிசு’ படத்தில் தங்கவேலுவும் எம். சரோஜாவும் நடித்த நகைச்சுவைப் பகுதி மூலக்கதைக்கு இணையாகப் பேசப்பட்டதையும், 1961இல் வந்த ‘தேன் நிலவு’ இலகுவான போக்கில் அமைந்ததையும் நினைத்துப் பார்த்தால், 1964ஆம் ஆண்டுப் படம் திடீரென முளைத்ததல்ல என்பது புலப்படும். ஸ்ரீதரின் இளமைக்கால நண்பரும், பின்னர் நிறுவனத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னொட்டாகப் பெற்றவருமான சித்ராலயா கோபு, அவரோடு சேர்ந்து இக்கதையை உருவாக்கினார். ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட், இசை விசுவநாதன் – ராமமூர்த்தி, பாடல்கள் கண்ணதாசன். நாயகனாக ரவிச்சந்திரன் என்னும் புதுமுகம் அறிமுகமானார். விமானப் பணிப்பெண்ணாக இருந்த காஞ்சனா நாயகியருள் ஒருவராக வந்தார். முத்துராமன், ராஜஸ்ரீ, நாகேஷ், சச்சு, வி. எஸ். ராகவன் ஆகியோரோடு டி. எஸ். பாலையா குடும்பத் தலைவர் விசுவநாதனாக நடித்தார்.

கதை சின்னமலை என்னும் எஸ்டேட்டில் நடக்கிறது. விசுவநாதன் பெருஞ்செல்வர். அவருக்கு நிர்மலா, காஞ்சனா என்னும் இரு மகள்களும், ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ என்று பெயர் சூட்டிப் படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பா என்னும் மகனும் உண்டு. எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அசோக், முதலாளியின் மகள்களோடு நேர்ந்த சச்சரவால் வேலையை இழக்கிறான். அவர் வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டு வேலை கேட்டுப் போராடுகிறான். போராட்டத்தின் நடுவே நிர்மலாவின் மனம் அவன்பால் சாய்கிறது. பணக்காரச் சம்பந்தம் ஒன்றைத் தவிர வேறெதற்கும் மசியாத விசுவநாதனை இணங்க வைக்க, தன்னைச் சிதம்பரம் என்னும் கோடீசுவரரின் மகன் என்று அசோக் சொல்லிவிடுகிறான். சொன்ன பொய்க்கு ஓர் உருவம் தேவைப்படுகிறது. நண்பன் வாசு நரைத்த ஒப்பனையோடு அந்தக் கோடீசுவரராக வந்து இறங்குகிறான். வந்த வீட்டில் இருப்பவளோ அவன் ஏற்கெனவே காதலிக்கும் காஞ்சனா.

இங்கே நாடக இலக்கணத்தில் பயிலும் ஒரு கருத்தை விளக்கிக்கொள்வது நலம். மேடையில் உள்ள பாத்திரம் அறியாத ஒன்றை அவையில் இருப்பவர் அறிந்திருக்கும் நிலைக்கு நாடக முரண் என்று பெயர். துயர நாடகத்தில் இது அச்சத்தைத் தரும், ஏனெனில் வரப்போகும் கேட்டை அறிந்தும் பாத்திரத்தை எச்சரிக்க இயலாமல் பார்ப்பவர் தவிக்கிறார். நகைச்சுவை நாடகத்தில் இதே முரண், பார்ப்பவரைச் சூழ்ச்சியின் பங்காளியாக்குகிறது. சிதம்பரத்தின் தாடிக்குள் இருப்பது யார் என்பது திரையரங்கில் உள்ள கடைசி வரிசைக்கும் தெரியும். தெரியாதவர் விசுவநாதன் ஒருவரே. ஆயிரம் பேர் சேர்ந்து ஒருவரிடம் ஓர் இரகசியத்தை மறைத்து வைத்திருக்கும் அந்த நெருக்கத்திலிருந்துதான் அரங்கின் சிரிப்பு பிறக்கிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இந்தச் சிரிப்பைப் பற்றி நுட்பமாகச் சிந்தித்திருக்கிறது. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் நிலையை மெய்ப்பாடு என்று கூறி, அவற்றை எட்டாக வகுத்து, நகையை முதலிலும் உவகையை இறுதியிலும் வைத்த அந்நூல், நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைக் காட்டுகிறது. இவற்றுள் பேதைமையும் மடனும் ஒன்றுபோலத் தோன்றினும் உரைமரபு அவற்றை வேறுபடுத்துகிறது. பேதைமை என்பது அறிவின்மை. மடன் என்பது பிறர் புகட்டியதை அப்படியே ஏற்றுக்கொண்டு, ஏற்றதைப் பின்னர் விடாதிருத்தல். விசுவநாதன் பேதை அல்லர். கணக்கு வழக்கில் கெட்டிக்காரர், வேலையாட்களை அளந்து நடத்துபவர், மகனின் படத் தொழிலுக்கு ஒரு காசு கொடுக்காதவர். அவரிடம் இருப்பது மடன். கோடீசுவரர் வருகிறார் என்று ஒருமுறை செவியில் விழுந்த பிறகு, கண்ணெதிரே நிற்கும் சான்றுகள் எத்தனை மாறாகப் பேசினாலும், அந்த நம்பிக்கையை அவர் கைவிடுவதில்லை. காரணம், அதை அவருக்குப் புகட்டியது அசோக் மட்டுமல்ல, அவருடைய சொந்த ஆசையும்தான். ஏமாற்றுபவனைவிட ஏமாறுபவரே தம் ஏமாற்றத்துக்கு மிகுதியாக உழைக்கிறார் என்பதால், அசோக்கும் வாசுவும் வஞ்சகராகத் தோன்றுவதில்லை. அவர் ஏமாறும்போது பார்ப்பவருக்கு அவர்மீது இகழ்ச்சியும் தோன்றுவதில்லை.

பொருளாசையோ அந்தஸ்தாசையோ கொண்ட தந்தையை மாறுவேடத்தால் இணங்க வைக்கும் இவ்வமைப்பு உலக நாடக மரபில் பழமையானது. பிரான்சின் மோலியேர் 1670இல் பதினான்காம் லூயி மன்னர் முன்னிலையில் அரங்கேற்றிய நாடகம் ஒன்றில், உயர்குடியினராக வேண்டும் என்ற பித்துப் பிடித்த ழூர்தேன் என்னும் செல்வர், பிரபுவல்லாதவனுக்குப் பெண் கொடுக்க மறுக்கிறார். மறுக்கப்பட்ட இளைஞன், தன் வேலையாளின் யோசனைப்படி, துருக்கி மன்னரின் மகனாக வேடமிட்டு வந்து அவர் வாயாலேயே மகளைப் பெறுகிறான். 1730இல் மாரிவோ எழுதிய, காதலும் தற்செயலும் ஆடும் ஆட்டத்தைப் பற்றிய நாடகத்தில் இது மேலும் நுண்மையாகிறது. அங்கே மணமகளாகப் போகிறவள் தன் பணிப்பெண்ணோடும், மணமகனாகப் போகிறவன் தன் வேலையாளோடும் வேடம் மாற்றிக்கொண்டு ஒருவரையொருவர் சோதிக்கிறார்கள். இரு பக்கத்து வேடமும் அறிந்த தந்தை ஓர்கோன் அதை இரசித்தபடி விட்டுவிடுகிறார். ஒன்றும் அறியாத தந்தை, எல்லாம் அறிந்த தந்தை என்னும் இவ்விரு துருவங்களில் சின்னமலை விசுவநாதன் முதல்வகையைச் சேர்ந்தவர். இதைக் கொண்டு ஸ்ரீதரும் கோபுவும் பிரெஞ்சு நாடகத்தைப் பின்பற்றினர் என்று கொள்வதற்கில்லை. தமிழ் அகமரபிலேயே, களவொழுக்கத்தில் தலைவனுக்குத் துணைநிற்கும் பாங்கனும், உண்மையைத் தக்க நேரத்தில் வெளிப்படுத்தும் தோழியும் உண்டு. தாடி ஒட்டிக்கொண்ட வாசுவைப் பாங்கனின் வழித்தோன்றல் என்று கூறுவது மிகையாகாது.

படத்தின் மிகச் சிறந்த பகுதி எது என்பதில் கருத்து வேறுபாடு கொள்பவர் அரியர். செல்லப்பா தான் எடுக்கப்போகும் திகில் படத்தின் கதையைத் தந்தைக்குச் சொல்லும் காட்சியே அது. காட்சியில் இருப்பது ஓர் அறை, உட்கார்ந்திருக்கும் பாலையா, அவரைச் சுற்றிச் சுற்றி வரும் நாகேஷ், அவ்வளவுதான். பேய் இல்லை, இருள் இல்லை, திகிலுக்கென்று வழக்கமாகச் சேர்க்கும் ஒளியமைப்பும் இல்லை. கதவின் கிறீச்சொலி முதல் மர்ம உருவத்தின் நடமாட்டம் வரை அத்தனையும் நாகேஷின் தொண்டையிலிருந்தும் விரல்களிலிருந்தும் உடல் வளைவிலிருந்தும் பிறக்கின்றன. அவர் சொல்லும் கதையில் உருப்படியான கதை எதுவும் இல்லை என்பது சிறிது கவனித்தால் விளங்கும். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, ஒலி மட்டுமே உண்டு. ஆனால் அந்த ஒலி ஒவ்வொன்றும் பாலையாவின் முகத்தில் போய் விழுகிறது. முதலில் மகனின் பிதற்றலைக் கேட்கும் சலிப்பு, பிறகு மெல்லத் தலைகாட்டும் ஆர்வம், அதன்பின் ஆர்வத்தை மறைக்க முயலும் முதலாளியின் மிடுக்கு, இறுதியில் மிடுக்கு கழன்று விழ வெளிப்படும் கலப்பற்ற அச்சம் என்று அம்முகம் படிப்படியாக மாறுகிறது.

நாகேஷின் நடிப்பைப் புகழ்ந்தவர்கள் பலர். அந்தக் காட்சியின் பாரத்தைச் சுமப்பவர் பாலையாவே என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. அச்சம் ஒரு மெய்ப்பாடு, நகை மற்றொன்று. பாலையா அடைவது அச்சம், அதைக் காண்பவர் அடைவது நகை. அவர் சிறிதளவு பொய்யாக அஞ்சியிருந்தாலும், சிரிக்க வைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு விழிகளை உருட்டியிருந்தாலும், காட்சி கெட்டிருக்கும். அவர் உண்மையாக அஞ்சுகிறார். 1936இல் ‘சதிலீலாவதி’யில் தீய பாத்திரத்தில் அறிமுகமாகி, பல ஆண்டுகள் வஞ்சகனாக நடித்துத் தேர்ந்த நடிகர் அவர். பிறரை அஞ்ச வைத்தே பழகிய அந்த முகம், சொந்த மகனின் வாயொலிக்கு நடுங்குவதில் ஒரு தனி இன்பம் இருக்கிறது. பகைவன் இல்லாத கதைக்குப் பகைவனாக நடித்துப் பழகியவரையே தந்தையாகத் தேர்ந்தெடுத்தது, ஸ்ரீதரின் மிகச் சிறந்த முடிவு. அதட்டலும் உறுமலும் அவரிடம் தங்கியிருப்பதால் தடை மெய்யான தடையாகத் தோன்றுகிறது. அந்த அதட்டலுக்கு அடியில் குழந்தைத்தனம் இருப்பதைத் திகில் கதைக் காட்சி காட்டிக்கொடுத்த பிறகு, அவரை எவராலும் வெறுக்க இயலாது.

இன்னொரு நுட்பம் பாட்டில் உள்ளது. படத்தின் பெயரையே தாங்கிய பாடலை, முதியவராக வேடமிட்ட வாசுவுக்காகச் சீர்காழி கோவிந்தராஜன் பாடியிருக்கிறார். முருக பக்திப் பாடல்களால் தமிழ்நாடு முழுவதும் அறிந்த வெண்கலக் குரல் அது. காதலுக்கு நேரம் கிடைக்கவில்லையே என்று ஏங்கும் பாட்டை, இளைஞனின் மென்குரலில் அமைக்காமல், கணீரென்ற அக்குரலில் அமைத்ததால், ஒட்டுத் தாடி குரலுக்கும் ஒட்டப்பட்டது போலாகிறது. வாசு முத்துராமனின் இயல்பான தோற்றத்தில் வரும்போது வேறு குரல்களும், வேடத்தில் இருக்கும்போது இக்குரலும் ஒலிப்பது, இசையமைப்பாளர்கள் கதையின் பொய்யை எவ்வளவு கருத்தோடு காப்பாற்றினர் என்பதற்குச் சான்றாகும்.

இப்படம் வெளிவந்த ஆண்டை இப்பகுதியின் வரலாற்றோடு வைத்துப் பார்ப்பதும் பொருத்தமே. ஆவடியையும் பூந்தமல்லியையும் இணைக்கும் சாலையில் அமைந்த பருத்திப்பட்டைச் சுற்றிய நிலம், அந்த ஆண்டுகளில் தொழில் நிலமாக மாறிக்கொண்டிருந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணிச் சமுதாயத்தைத் தன் குறிக்கோளாக அறிவித்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து, 1965இல் விஜயந்தா பீரங்கி வண்டியை முதன்முதலாக வெளியிட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கப்பட்ட ஆண்டே 1964தான். வேலை தேடி ஊரைவிட்டு வந்தவர்களும், கிடைத்த வேலையைக் காத்துக்கொள்ளச் சங்கம் கண்டவர்களும் நிறைந்திருந்த அந்தச் சூழலில், முதலாளி வீட்டு வாசலில் கூடாரம் அடித்து வேலை கேட்கும் இளைஞன் கற்பனை உலகத்துப் பிறவியாகத் தோன்றியிருக்க மாட்டான். கொடி, முழக்கம், உண்ணாவிரதம் ஆகிய பொதுவாழ்வின் வடிவங்களை ஆட்டமும் பாட்டுமாக மாற்றிக் காதல் கதைக்குள் கொண்டுவந்த துணிவு பாராட்டத்தக்கது.

அதே இடத்தில் படத்தின் எல்லையும் தெரிகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அசோக் கேட்டது வேலை, கிடைத்தது மருமகன் பதவி. அவனை வேலையிலிருந்து நீக்கியது முறைதானா என்ற கேள்வியைப் படம் எழுப்பிவிட்டு, விடை சொல்லாமல் காதலுக்குள் கரைத்துவிடுகிறது. செல்வரின் மனம் இளகினால் போதும், செல்வத்தின் ஏற்பாடு மாற வேண்டியதில்லை என்னும் அமைதி இக்கதை வகைக்கே உரிய குறை. மோலியேரின் நாடகத்திலும் அது உண்டு. இக்குறையை உணர்ந்த பின்னரும் படம் இனிக்கிறது என்றால், அதற்குக் காரணம், அப்படம் எவரையும் சிறுமைப்படுத்திச் சிரிப்பைப் பெறவில்லை என்பதே. செல்லப்பாவின் கனவு நாயகியாகச் சச்சு நடித்த மீனாட்சி, எஸ்டேட் மேனேஜரின் மகள். அவளை எளியவள் என்றோ அறியாதவள் என்றோ காட்டிச் சிரிக்க வைக்கும் வாய்ப்பு இருந்தும், அவளுக்கும் நகைச்சுவையில் சமபங்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. உருவத்தையும் நிறத்தையும் உடற்குறையையும் கேலி செய்வதையே நகைச்சுவை என்று கொண்ட பிற்காலப் படங்கள் பலவற்றோடு ஒப்பிட்டால், இந்தக் கண்ணியம் எவ்வளவு அரியது என்பது விளங்கும்.

தற்காலப் பிரெஞ்சுப் படம் ஒன்றை இதனருகில் வைத்தால் இவ்வகையின் இன்னொரு முகம் தெரியும். ஜான்-பியேர் அமெரிஸ் 2010இல் இயக்கிய ‘லேசெமொதிஃப் அனோனிம்’ என்னும் படம், மிகைக் கூச்சம் உடைய இருவரைப் பற்றியது. சாக்லேட் செய்வதில் கைதேர்ந்தவளான ஆஞ்செலிக் தன் திறமையை வெளியே சொல்லவே அஞ்சுகிறாள். நொடித்துப்போகும் நிலையில் உள்ள சாக்லேட் ஆலையின் உரிமையாளன் ஜான்-ரெனே, மனநல ஆலோசகர் கொடுத்த பயிற்சியாக, அவளை உணவகத்துக்கு அழைக்கிறான். பதற்றத்தில் வியர்த்துக் கொட்டும் என்பது அவனுக்கு முன்பே தெரியும். ஆகவே மாற்றுச் சட்டைகள் நிறைந்த பெட்டியோடு வந்து, பேச்சின் நடுவே எழுந்து எழுந்து போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு திரும்புகிறான். இங்கே தந்தையும் இல்லை, சம்பந்தத் தரகும் இல்லை, அந்தஸ்து வேறுபாடும் தடையாக நிற்கவில்லை. தடை காதலரின் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது. ஆயினும் சிரிப்பின் தன்மை ஒன்றே. அந்த மனிதனின் சட்டை நனைவதைக் கண்டு சிரிப்பவர், அவனுக்கு இன்னொரு சட்டை மிச்சம் இருக்க வேண்டுமே என்று கவலையும் கொள்கிறார். எண்பது நிமிட அளவிலேயே முடிந்துவிடும் அப்படம், சிறிய பொருளைச் சிறிதாகவே வைத்துக்கொள்ளும் அடக்கத்தால் மனத்தில் நிற்கிறது. தமிழ்ப் படம் தடையை வீட்டின் கூடத்தில் நிறுத்தியதற்குக் காரணம், இங்கே திருமணம் இருவரின் செயலாக இல்லாமல் இரு குடும்பங்களின் செயலாக இருந்ததே. கூச்சத்தைவிடச் சம்மதமே இங்கே பெரிய மதில்.

‘காதலிக்க நேரமில்லை’ தெலுங்கில் 1965இலும், ஸ்ரீதரின் இயக்கத்திலேயே ‘ப்யார் கியே ஜா’ என்னும் பெயரில் இந்தியில் 1966இலும் மீண்டும் எடுக்கப்பட்டது. பின்னர் கன்னடமும் மராத்தியும் அக்கதையை ஏற்றன. திகில் கதைக் காட்சி இந்தியில் மெஹமூதும் ஓம் பிரகாசும் நடிக்க அங்கும் புகழ்பெற்றது. ஒரு காட்சி மொழி கடந்து செல்வதற்கு அதன் வசனத்தைவிட அமைப்பே காரணம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

வண்ணத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். இப்படம் ஈஸ்ட்மன் வண்ணத்தில் எடுக்கப்பட்டது. ஆழியாறு அணைப் பகுதியின் பசுமையும், மெரினா கடற்கரையின் வெளிச்சமும், நாயகியரின் உடைகளும் கதையின் மகிழ்ச்சியில் பாதியைத் தருகின்றன. அதே 1964 பிப்ரவரியில் பிரான்சில் ஜாக் தெமியின் ‘ஷெர்பூர் குடைகள்’ வெளியானது. எல்லா உரையாடல்களும் பாட்டாகவே அமைந்த, காதலர் பிரிந்துபோகும் அப்படத்துக்கும் வண்ணமே உயிர். ஈஸ்ட்மன் வண்ணப் படச்சுருளின் குறை, ஆண்டுகள் செல்லச் செல்ல நிறம் வெளிறுவது. தெமி தம் படத்தை மூன்று அடிப்படை நிறங்களுக்குரிய கறுப்பு வெள்ளைச் சுருள்களாகவும் பிரித்துச் சேமித்து வைத்திருந்ததால், மூலச்சுருள் வெளிறிய பின்னரும் அவருடைய மனைவியும் இயக்குநருமான ஆன்யெஸ் வர்தாவின் முயற்சியில் பழைய வண்ணம் மீட்கப்பட்டது. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் நிறுவப்பட்டதும் அதே பிப்ரவரியில்தான். எந்தப் படத்தைக் காக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும்போது, சிரிக்க வைத்த படங்களும் அப்பட்டியலில் தயக்கமின்றி இடம்பெற வேண்டும். அவற்றின் வசனப் படிகளும் நூல் வடிவம் பெற வேண்டும். தமிழ்த் துறைகள் மெய்ப்பாட்டியலைப் பாடம் சொல்லும்போது, பாலையா அஞ்சும் அந்தக் காட்சியை மாணவர்க்குத் திரையிட்டுக் காட்டலாம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிக் கல்லூரிகளும் நூலகங்களும் இதைத் தொடங்கி வைக்குமாறு வேண்டிக்கொள்ளப்படுகிறது. கைப்பேசித் திரையில் தனித்தனியே பார்க்காமல், ஓர் அரங்கில் பலரும் கூடியிருந்து பார்க்கும்படி அந்தத் திரையிடல் அமையட்டும்.